விதைக்கடலையும் முதற் சம்பளமும்

திங்கட்கிழமை விடியற்காலையில் திண்டிவனம் மேம்பாலத்தடியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தோளில் ஒரு பை, கையில் தாய் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம், கண்ணில் தீராத தூக்கம். இந்தக் கோலத்தில் நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் சென்னைப் பேருந்துக்காகக் காத்து நிற்பார்கள். விழுப்புரம் சந்திப்பிலும் அதே காட்சிதான். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து, ஐவர் அறுவராக ஓர் அறையில் தங்கி, வாரம் முழுதும் உழைத்து, சனிக்கிழமை இரவு திரும்பி வருவார்கள். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் அமர்ந்து உறங்குகிறவர்கள் இவர்களே. நாம் அவர்களை எழுப்புவதில்லை.

இருபது வயதிலிருந்து முப்பது வரையுள்ள இந்தப் பத்து ஆண்டுகளில் இவர்கள் ஈட்டும் பணம் எங்கே போகிறது என்பதைப் பற்றியே இம்மாதம் எழுதத் துணிந்தோம். "சாமியாருக்குப் பணத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தெரியாமல் ஆலோசனை சொல்லி ஒரு குடும்பத்துக்கு இழப்பு உண்டாக்கியவர்கள் நாம். இதை எழுதத் தூண்டியதும் அந்நிகழ்ச்சியே.

சில ஆண்டுகளுக்கு முன்பு, திண்டிவனத்தை அடுத்த ஒரு கிளைப் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். 2008-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2014 இறுதியில் வேலையை விட்டவர். வேறு வேலை கிடைக்கும் தறுவாயில் இருந்தது. வீட்டிலோ தங்கையின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. "சாமி, பி.எஃப். பணம் மொத்தமும் எடுத்தால் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் வரும் என்கிறார்கள். எடுக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். நாம் ஒரு நொடியும் தயங்கவில்லை. "உன் பணம் உன் தங்கைக்கு உதவாமல் யாருக்கு உதவப் போகிறது? எடுத்துத் திருமணத்தை நல்லபடியாக முடி" என்றோம். அவரும் முடித்தார். மண்டபம், பந்தல், படப்பிடிப்பு என எல்லாம் குறைவின்றி நடந்தன. திருமணத் திருப்பலியை நிறைவேற்றியதும் நாமே. விருந்தில் நமக்குத் தனி இலை போட்டார்கள்.

அன்று சொன்னதில் எங்கே தவறு என்பதை விளங்கிக் கொள்ள வேண்டுமானால், முதலில் நம் ஊர்க் கொல்லைக்குச் சென்று வர வேண்டும்.

வேளாண் உலகில் திண்டிவனத்துக்கு ஒரு தனிப்பெயர் உண்டு. இங்குள்ள எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை வகைகளும் எள் வகைகளும் டி.எம்.வி. என்ற மூன்றெழுத்தைத் தாங்கியே வழங்குகின்றன. திண்டிவனம் என்பதன் சுருக்கம் அது. டி.எம்.வி. 2 என்ற கடலை, தமிழகத்தைக் கடந்து ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் நெடுங்காலம் விளைந்தது. கடலை பயிரிட்ட குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு விதைக்கு வேண்டும். அறுவடையானதும் முற்றின காய்களைப் பொறுக்கி, காயவைத்து, தனிச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றி விடுவார்கள். அடுத்த பட்டம் வரையில் வீட்டில் எத்தனை முடை வந்தாலும் அந்தச் சாக்கில் கை வைக்க மாட்டார்கள். விருந்தாளி வந்தாலும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வறுக்கத் துணியும் மருமகள் அந்நாளில் பிறக்கவில்லை. கணக்குப் பாடம் படியாத பாட்டிமார்கள் இதை அறிந்திருந்தார்கள். பட்டம் பெற்ற பேரன்களுக்கு இது ஏன் தெரியாமற் போயிற்று? பணத்தில் எது விதை, எது உணவு என்று நாம் அவர்களுக்குக் காட்டித் தரவில்லை.

மாதச் சம்பளக்காரனின் விதைச் சாக்கு, அவனுடைய சம்பளச் சீட்டில் இருக்கிறது. பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ அடுத்த முறை வரும்போது அச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கைக்கு வந்த தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பிடித்தம் என்ற பகுதியையும் படியுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதில் 12 விழுக்காடு, அதாவது 1,200 ரூபாய், தொழிலாளியிடமிருந்து பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே அளவு போட வேண்டும். நிறுவனம் போடும் 1,200-இல் 833 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், எஞ்சிய 367 ரூபாய் வைப்புநிதிக்கும் செல்கின்றன. ஆக, மாதந்தோறும் 1,567 ரூபாய் வைப்புநிதியில் சேர்கிறது. நம் இளைஞர்களிற் பலர் பிடித்தத்தைத் தண்டனை போலவே எண்ணுகிறார்கள். "பிடித்தம் இல்லாத கம்பெனி, சாமி, கையில் முழுச் சம்பளம்" என்று பெருமையோடு சொன்ன ஒருவரை நாம் அறிவோம். தமக்காக இன்னொருவர் போட வேண்டிய பணத்தை இழந்திருக்கிறோம் என்பதை அவர் அறியார்.

இவ்வைப்புநிதிக்கு 2023-24, 2024-25 ஆகிய இரு ஆண்டுகளிலும் 8.25 விழுக்காடு வட்டி அளிக்கப்பட்டது. விகிதம் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவது, கூடலாம், குறையலாம். எட்டு விழுக்காடு என்றே கொண்டாலும், கூட்டு வட்டியில் பணம் ஒன்பது ஆண்டுகளில் இரு மடங்காகும். இருபத்தேழு வயதில் கணக்கிலுள்ள ஒரு இலட்சம், தொடாமல் விட்டால் முப்பத்தாறில் இரண்டு, நாற்பத்தைந்தில் நான்கு, ஐம்பத்து நான்கில் எட்டு இலட்சம். விலைவாசியும் கூடவே ஏறுமே என்பீர்கள். மெய்தான், எட்டு இலட்சத்துக்கு அன்று இன்றுள்ள மதிப்பு இராது. ஆயினும் இதே ஒரு இலட்சத்தை நாற்பத்தைந்து வயதில் சேர்க்கத் தொடங்கியவருக்கு, ஐம்பத்து நான்கில் இரண்டே இலட்சம்தான். பணம் அதே பணம், வட்டியும் அதே வட்டி; காலம் மட்டுமே வேறு. அந்தக் காலம் இருபதுகளில் உள்ளவர்களிடமே இருக்கிறது.

ஓய்வூதியப் பகுதியில் இன்னொரு நுட்பம் உண்டு. நம் பிழை இருந்த இடம் அதுவே. 1995-ஆம் ஆண்டின் திட்டப்படி, பத்து ஆண்டுப் பணிக்காலம் இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெற உரிமை பிறக்கிறது. இப்பத்து ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் கழிய வேண்டும் என்பதில்லை. யு.ஏ.என். எனப்படும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்றே போதும். நிறுவனம் மாறும்போது பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைத்துக் கொண்டால் ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து மொத்தமாக எடுத்து விட்டாலோ, அதுவரை உழைத்த ஆண்டுகள் கணக்கிலிருந்தே மறைந்து போகின்றன.

நம் இளைஞர் 2015-இல் வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் அங்கே உழைத்தார். தந்தைக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டு ஊர் திரும்பி, திண்டிவனத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்தார். ஒரு மாலை வைப்புநிதிக் காகிதங்களோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். "எட்டு ஆண்டுதான் இருக்கிறது, ஓய்வூதியம் கிடையாது என்கிறார்கள் சாமி. முன்னே உழைத்த ஆறு ஆண்டு எங்கே போயிற்று?" என்று கேட்டார். காகிதங்களை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, நெடுநேரம் படிப்பதுபோல் பாவனை செய்தோம். ஆறும் எட்டும் பதினான்கு. ஓய்வூதியத்துக்குரிய சம்பளம் 15,000 ரூபாய் என்று கொண்டால், அதைப் பதினான்கால் பெருக்கி எழுபதால் வகுக்க, மாதம் 3,000 ரூபாய் வரும். பெருந்தொகை அன்று. கூலி வேலைக்குச் செல்ல இயலாத வயதில், எவரிடமும் கை நீட்டாமல் மாதா மாதம் வரும் 3,000 ரூபாயின் அருமையை, நம் பங்கின் முதியோரைக் கேட்டால் சொல்வார்கள். "அந்தப் பணத்தை எடுக்கச் சொன்னவன் நான்தானே?" என்றோம். அவர் பெருந்தன்மையோடு, "நீங்கள் சொல்லாவிட்டாலும் எடுத்திருப்பேன்" என்றார். அது நம்மைத் தேற்றுவதற்காகச் சொன்னது.

அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. திருமணச் செலவில் மண்டபத்தையும் படப்பிடிப்பையும் குறைக்க முடியாதா? குறைத்தும் போதாதெனில், வைப்புநிதியில் ஒரு பகுதியை மட்டும் முன்பணமாகப் பெற்றுக் கணக்கை உயிரோடு வைக்க முடியாதா? உடன்பிறந்தாரின் திருமணத்துக்கு அவ்வாறு பெற விதியில் இடம் உண்டு. பணிக்கால வரம்பு போன்ற நிபந்தனைகளும் உண்டு. பணம் எடுக்கும் விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியைக் கேட்டறிந்து கொள்ள வேண்டும். இப்போது அவருக்குள்ள எட்டு ஆண்டையாவது எடுத்து விடாமல், திட்டச் சான்றிதழாகப் பெற்றுக் கொள்ளும்படி சொன்னோம். பின்னொரு நாள் வேறு நிறுவனத்தில் இரண்டு ஆண்டு பணியாற்ற நேர்ந்தால் பத்து நிறைந்து விடும்.

விதையைத் தின்பது ஒரு தீமை. கடன் வாங்கித் தின்பது அதனினும் பெரிது. நம் ஊர்களில் "ரெண்டு வட்டி" என்று இலேசாகச் சொல்லி விடுகிறோம். நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24. வட்டியைக் கட்டாமல் அசலோடு சேர விட்டால், கடன் மூன்றே ஆண்டில் இரு மடங்கு. வைப்புநிதி ஒன்பது ஆண்டில் செய்வதைக் கடன் மூன்றில் செய்து விடும், திசைதான் எதிர்த்திசை. கடன் அட்டையில் நிலுவை வைத்தாலோ மாதம் மூன்று, மூன்றரை விழுக்காடு என்று கந்து வட்டிக்காரரையும் வெட்கமுறச் செய்யும்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக் கொள்வோம். விழுப்புரத்தில் ஒரு விற்பனைக் கடை வாசலில், "12 பர்சென்ட்தான் சாமி" என்று ஓர் இளைஞர் நமக்கே கணக்குச் சொன்னார். கடன் 60,000, மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 7,200 வீதம் வட்டி 21,600, மொத்தம் 81,600, மாதத் தவணை ஏறத்தாழ 2,267. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? இல்லை. மாதந்தோறும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டிக் கொண்டே வருகிறார். கடைசி ஆண்டில் அவர் கையில் இருப்பது கடனின் சிறு பகுதியே. ஆயினும் வட்டியோ முழு 60,000-க்கும் இறுதி வரை கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்கிட்டால், அவர் கொடுக்கும் உண்மை வட்டி ஏறத்தாழ 21 விழுக்காடு. இந்த மாயத்தை விலக்கவே, தனிநபர் கடன் எதுவாயினும் எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் விதித்திருக்கிறது. கையொப்பமிடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். வண்டியே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. இரவுப் பணி முடிந்து பேருந்தில்லாத ஊருக்குத் திரும்ப வேண்டியவனுக்கு வண்டி அவசியப் பொருள். எந்த வண்டி என்பதில்தான் பக்கத்து வீட்டுப் பையன் குறுக்கே வருகிறான்.

கைப்பேசிச் செயலிகளில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடனைப் பற்றி ஒரே வரி: ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் எது என்று பெயர் காட்டாத செயலியிடம், ஆயிரம் ரூபாயும் வாங்காதீர்கள்.

இனி வேலையைப் பற்றிச் சிறிது. 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, வட தமிழகத்துக் கிராமங்களில் எத்தனை வீடுகளில் விளக்கு ஏறியது! அதன் செழிப்பான காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாகப் பணிபுரிந்தனர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். பெண்கள் மிகப் பலர். "நோக்கியாவில் வேலை" என்பதே ஒரு சீர்வரிசை போல வரன் பேச்சில் இடம்பெற்றது. 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பணத்தைப் பெற்றுக் கொண்டு வெளியேறினர். அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. எட்டு ஆண்டு பத்து மாதம், அவ்வளவே. மறைமலை நகரில் போர்டு கார் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. நோக்கியாவின் வளாகத்தைப் பின்னர் சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கி மீண்டும் இயக்கியது. கட்டடங்களுக்கு மறுவாழ்வு கிடைத்து விடுகிறது. இருபத்திரண்டில் சேர்ந்து முப்பதில் வெளியே வந்த பெண்ணுக்கு அந்த எட்டு ஆண்டைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

அவர்களில் வேறு வேலையை விரைவில் கண்டவர்கள் யார் என்று நமக்குத் தெரிந்த சில வீடுகளில் விசாரித்தோம். சாலிடரிங், பரிசோதனை, இயந்திரப் பராமரிப்பு என்று கையில் ஒரு தொழில் இருந்தவர்கள். பணி நேரம் போக அஞ்சல் வழியில் படிப்பை முடித்தவர்கள். ஒரே பொத்தானை எட்டு ஆண்டு அழுத்தியவர்களின் நிலை கடினம். ஆகவே வேலையில் சேரும் இளைஞர், "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பதோடு நில்லாமல், "இரண்டு ஆண்டு கழித்து எனக்கு என்ன வேலை தெரிந்திருக்கும்?" என்றும் கேட்க வேண்டும். தாம் சேர்வது நிரந்தரப் பணியா, ஒப்பந்தக்காரரின் கீழா, பழகுநராகவா என்பதையும் நியமனக் கடிதத்தில் படித்தறிய வேண்டும். பழகுநர் சட்டத்தின் கீழ்ச் சேர்ந்தவருக்கு உதவித்தொகை உண்டு, வைப்புநிதி இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வைப்புநிதி உண்டு. ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினால் முதன்மை நிறுவனத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு. சீட்டில் பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்பதை உமங் செயலியில் மாதம் ஒருமுறை பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

அரசுத் தேர்வுக்குப் படிப்போரைப் பற்றி எழுதினால் பல வீடுகளில் நம்மீது வருத்தம் உண்டாகும். எனினும் எழுதுகிறோம். 2024-இல் நடந்த நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 இலட்சத்துக்கும் மேல். முயல வேண்டாம் என்பதில்லை. எத்தனை முறை, எந்த வயது வரை என்று வீட்டார் கூடி முன்கூட்டியே ஒரு வரம்பு கட்டுங்கள். சம்பாத்தியமின்றி இருபத்தொன்பது வரை விழுப்புரத்துப் பயிற்சி மையங்களில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். அவர்கள் முகத்தைப் பார்த்து வீட்டில் யாரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகன் அனுப்பும் பணத்தை வீட்டுக்கு மேல்தளம் போடவும், சீர் செய்யவும், நகையாக்கவும் முழுதாகச் செலவிட்டு விட்டு, பிறகு அவன் திருமணத்துக்கு அவனையே கடன் வாங்கச் சொல்வது நியாயமா? எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்தார். உங்கள் பிள்ளைக்கும் அந்த ஐந்தில் ஒன்றையேனும் விட்டு வையுங்கள். குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. முதற் சம்பளம் வாங்கிய பையன் கொடியேற்றத்துக்கு எவ்வளவு தருகிறான் என்று திருவிழாக் குழு கணக்கெடுத்ததை நாமும் பல ஆண்டுகள் புன்னகையோடு பார்த்துக் கொண்டிருந்தோம். இவ்வாண்டு முதல் அந்தப் பட்டியலை வாசிப்பதில்லை என்று குழுவினரிடம் சொல்லி விட்டோம். வசூல் குறைந்தது, வாணவேடிக்கை கால் மணி நேரம் முன்னதாகவே முடிந்தது.

கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நம் நண்பர் இப்போது ஒரு வேலை செய்கிறார். பழுது பார்க்க வரும் தொழிற்சாலைப் பையன்களின் திரையை மாற்றிக் கொடுத்து, காசு வாங்கும் முன், "உன் பி.எஃப். கணக்கைத் திற, பார்ப்போம்" என்கிறார். நாமினியாக யாரைப் போட்டிருக்கிறாய் என்று கேட்கிறார். பணியில் இருக்கும்போது உயிர் நீத்தால் குடும்பத்துக்கு இரண்டரை இலட்சம் முதல் ஏழு இலட்சம் வரை காப்பீடு வரும் என்பது பலருக்கு அவர் கடையில்தான் தெரிய வருகிறது. திருமணமான பின்னும் நாமினியைப் புதுப்பிக்காதவர்களை அங்கேயே உட்கார வைத்துப் புதுப்பிக்கச் செய்கிறார்.

அவருக்கு இதில் வரும் பெருந்தொல்லை நம் கிறிஸ்தவப் பெயர்களே. சவரிமுத்து என்பதை ஆதாரில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும், வைப்புநிதியில் தந்தையின் பெயரோடு ஒட்டியும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்து ஒன்று மாறினாலும் பணம் நின்று விடும். அத்தகையோரை அவர் நம்மிடம் அனுப்பி வைக்கிறார். ஞானஸ்நானப் பதிவேட்டில் தமிழில்தான் எழுதியிருக்கிறது; வைப்புநிதி அலுவலகத்தில் அது செல்லாது என்று சொல்லி, பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் முதலில் ஒன்றாக்கச் சொல்கிறோம். சென்ற சனிக்கிழமை இரவு மூவர் வந்தார்கள். திங்கட்கிழமை பேருந்தைப் பிடிக்க வேண்டும், ஒரு நாள் விடுப்புப் போட்டால் வருகைப்படி போய்விடும் என்றார்கள். ஆதார் மையம் எந்த நேரத்தில் திறக்கும் என்று கேட்டு வைத்திருக்கிறோம்.